ச. மங்கையர்க்கரசியின் பக்கம்

ஜூன் 3, திங்கள்

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நூலகக் குழுவில் வாசகர் பிரதிநிதி என்று ஓர் இடம் உண்டு. இந்த வருஷம் அது எனக்கு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு இது பெரிய மரியாதைதான். நூலகர் தேவசகாயம் வாசல் வரை வந்து அழைத்துப் போனார். என்னை அவர் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்.

நூலகத்தில் பல வருஷமாக ஓர் இணையப் பட்டியல் இருக்கிறது. இப்போது ஒரு கம்பெனி புதிய தேடல் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டிலும் தேடிப் பார்த்து எது மேல் என்று நான் அறிக்கை தர வேண்டும். சோதனை முடியும் வரை புதிய தேடலைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் புகார்களும் என்னிடமே வரும். நான் பார்த்துச் சரி என்றால்தான் கம்பெனிக்குப் போகும்.

மனைவி லோகநாயகிக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து, லோகநாயகியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நூலகம் போனேன்.

இரண்டு கணினிகளை அருகருகே வைத்திருந்தார்கள். இரண்டிலும் உப்பளம் என்று அடித்தேன். பழைய பட்டியல் மூன்று புத்தகங்களைக் காட்டியது. அலமாரி எண் போட்டிருந்தது, எழுந்து போய்ப் பார்த்தால் புத்தகமும் இருந்தது. புதிய தேடல் நூற்றுக்கணக்கில் கொட்டியது. ஆய்வேடு, பத்திரிகைக் கட்டுரை, கருவாட்டில் உப்பின் அளவு, சிறுநீரக மருத்துவம் எல்லாம் வந்தன.

வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னால், பழைய பட்டியல் ஒரு கண்டிப்பான மளிகைக் கடைக்காரர். கடுகு என்றால் கடுகு தருவார். தாளிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் அப்படி ஒரு சாமான் இல்லை என்பார். புதியவர் நாம் வாய் திறப்பதற்குள் கடையையே எடுத்து முன்னால் கொட்டுகிறவர். வருஷம், மொழி, பாடம் என்று இடது பக்கம் சல்லடைகள் வைத்திருக்கிறார். நாமே சலித்துக்கொள்ள வேண்டும்.

பொருளியல் என்றும் தமிழ் என்றும் சலித்தேன். முதலில் வந்தது உப்பளப் பெண்களின் கூலி முறை பற்றிய கட்டுரை. எழுதியவர் பெயர் ச. மங்கையர்க்கரசி. என் மகள் பெயர். பெயரைத் தொட்டால் ஆசிரியருக்கென்று ஒரு பக்கம் திறக்கிறது. மேலே என் மகளுடைய புகைப்படம், அவள் துறையின் முகவரி. கீழே பதினாறு கட்டுரைகள்.

மங்கை எழுதியது இரண்டு. இரண்டுமே கூட்டுறவு வங்கிகள் பற்றி.

ஜூன் 7, வெள்ளி

பழைய பட்டியலைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. அதில் ச. மங்கையர்க்கரசி இரண்டு பேர். பட்டியல் போட்டவர் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த வருஷத்தையும் தகப்பனார் பெயரையும் எழுதிப் பிரித்து வைத்திருக்கிறார். ஒருத்தி சங்கரலிங்கத்தின் மகள், அதாவது என் மகள். மற்றவள் சன்னாசியின் மகள். புதிய தேடலில் இப்படி உட்கார்ந்து பிரிக்க ஆள் கிடையாது. பெயரும் முதலெழுத்தும் பாடமும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று தானாகவே சேர்த்துவிடும். நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம், ஒரு எழுத்துக்குப் பின்னால் எத்தனையோ தகப்பனார்கள் இருப்பார்கள் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

சாப்பிடும்போது மங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். நமக்கில்லாத பவுசை மெஷினாவது தருகிறதே என்றாள். இதே பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்தில் அவள் கல்யாணமும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போவதாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

புகார்ப் பெட்டியில் அந்த இன்னொரு மங்கையர்க்கரசி. கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறாளாம். தன் கட்டுரைகள் பதினான்கும் வேறு ஒருவர் படத்துக்குக் கீழே இருக்கின்றன, தயவு செய்து பிரித்துத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். பிழையில்லாத தமிழ். படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் ஆராயாமல் கம்பெனிக்கு அனுப்பக் கூடாது. முதல் வாசிப்பிலேயே சிவப்பு மையைத் தொடுகிறவன் நல்ல ஆசிரியன் இல்லை. பரிசீலனையில் என்று குறித்து வைத்தேன்.

ஜூன் 19, புதன்

நிரந்தர இடத்துக்கு அறிவிப்பு வந்துவிட்டது. கட்டுரைகளுக்குத் தனி மதிப்பெண். அவற்றைப் புதிய தேடலில் உள்ள ஆசிரியர் பக்கத்தை வைத்தே சரிபார்ப்பார்களாம்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஆள் வரச் சொன்னேன், வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மங்கை கேட்டாள், அந்தப் பக்கத்தைச் சரி செய்யச் சொல்லிவிட்டீர்களா என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்றாள். சொன்னால் வைக்கத்தானே வேண்டும் என்றேன். அவள் ஒரு பொய்யும் எழுதப் போவதில்லை. திரையில் வருவதை அச்செடுக்கிறாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சன்னாசியின் மகள் இன்று வீட்டுக்கே வந்துவிட்டாள். புகார் என்னிடம்தான் நிற்கிறது என்று நூலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வந்தாளாம். மங்கையைவிட இரண்டு வயது மூத்தவள், கறுத்து மெலிந்த முகம். துணிப்பை நிறையப் பத்திரிகைகள். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். அவளும் அதே நிரந்தர இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறாள்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தபோது சுவரில் இருந்த மங்கையின் பட்டமளிப்பு விழாப் படத்தைப் பார்த்தாள். திரையில் பார்த்த முகம்தானே. கை அப்படியே நின்றது. நான் மறைக்கவில்லை. என் மகள்தான் அம்மா என்று சொன்னேன்.

கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்க மகளோடத நான் கேக்கல சார். எனக்கு எம்பேருல தனியா ஒரு பக்கம் இருந்தாப் போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் வெயில்ல பாத்தியில நின்னிருக்கேன். எங்கம்மாகூட உப்பு வாருனவங்கதான் அதுல பேசியிருக்காங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

நல்ல பிள்ளை. எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. காபி கொடுக்கச் சொன்னேன். கட்டுரையில் இருக்கும் கல்லூரி முகவரி தன்னுடையதுதான் என்று காட்டினாள். மங்கையும் அதே கல்லூரியில் ஒரு பருவம் வேலை பார்த்திருக்கிறாள் என்று எடுத்துச் சொன்னேன். அது உண்மை. எதற்கும் ஒரு முறை இருக்கிறது, பொறுமை வேண்டும் என்று சொல்லி, என் வகுப்பில் இருந்த இரண்டு இசக்கிமுத்துகளின் கதையைச் சொன்னேன். ஒருவன் மதிப்பெண் தவறி மற்றவன் கணக்கில் ஏறிவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் வருஷமே முடிந்துவிட்டது. உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை, இரண்டு பேரும் வாழத்தான் செய்தார்கள்.

"மார்க் கொறஞ்ச இசக்கிமுத்து என்ன சார் ஆனான்?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியே சொன்னேன்.

அவள் போன பிறகு லோகநாயகி அடுக்களையிலிருந்து வந்து, அந்தப் பெண் காபி குடித்த டம்ளரைத் தானே பின்பக்கம் கொண்டுபோய்க் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள். யாரும் சொல்லாமலே செய்திருக்கிறாள். நல்ல வளர்ப்பு என்றேன். லோகநாயகி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 3, புதன்

தேவசகாயம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு விண்ணப்பங்களிலும் ஒரே ஆசிரியர் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது, யாருடையது என்று நூலகம் சொல்ல வேண்டும் என்று தேர்வுக் குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவருக்கு இந்தத் தேடலை வாங்கிவிட வேண்டும் என்று அவசரம். துணைவேந்தர் கையால் தொடக்க விழா நடத்த நாள்கூடப் பார்த்துவிட்டார்.

"பக்கத்துல தப்பு இருக்குன்னு நாமளே எழுதுனா, வாங்கப்போற மாட்டுக்கு நாமளே பல்லு இல்லேன்னு சொன்ன மாதிரி அண்ணாச்சி. படம் யாருதோ பக்கமும் அவளுது. நீங்க வாத்தியாரு, பதமா ஒரு வரி எழுதுங்க. கையெழுத்து நான் வைக்கேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்தப் பொம்பள நேத்தும் வந்து படியிலயே உக்காந்திருந்தா. இது என்ன ரேஷன் கடையான்னு கேட்டு அனுப்பி வச்சேன்" என்றார்.

நான் எழுதியது இது: "மேற்படி ஆசிரியர் பக்கம், இப்பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் பணியாற்றும் ச. மங்கையர்க்கரசியின் புகைப்படத்தையும் முகவரியையும் கொண்டுள்ளது." நான்கு முறை வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பழைய பட்டியலில் பிரித்து வைத்திருப்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 10, புதன்

நேர்முகத் தேர்வு. மங்கை நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து சாப்பிடவில்லை. விசாரித்ததில், அந்தப் பெண்ணுக்கு மூன்று நிமிஷம்கூடக் கொடுக்கவில்லையாம். அடுத்தவர் கட்டுரைகளை உங்களுடையது என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பையைத் திறந்தாளாம். காகிதமெல்லாம் வேண்டாம், திரையில் காட்டுங்கள் என்றார்களாம். வெளியே வந்து மங்கைக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் அடுக்கியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலப்பா. தண்ணி பாட்டில் கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள் மங்கை.

தண்ணீர் கொடுத்தது நல்ல விஷயம்.

ஜூலை 22, திங்கள்

மங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது. கடவுள் கண் திறந்தார்.

லோகநாயகியைக் கேசரி செய்யச் சொன்னேன். செய்தாள். தட்டை என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க. யாரு வீட்டு அடுப்புல கிண்டுனதுன்னு கேக்காம சாப்பிடுங்க" என்றாள். காலையில் அவள் மாத்திரை போட்டுக்கொண்டாளா என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

அறிக்கையை முடித்தேன். வேகம், கட்டுரைகளைக் காட்டும் திறம், சல்லடை வசதி மூன்றிலும் புதிய தேடலே மேல். தமிழில் அடித்தால் தமிழிலேயே தேடுகிறது. குறையும் எழுதியிருக்கிறேன்: முழுக் கட்டுரை என்று காட்டும் இணைப்புகள் பல சமயம் திறப்பதில்லை. பழைய பட்டியலின் சிறப்பாக, ஒரே பெயருள்ள ஆசிரியர்களைத் தெளிவாகப் பிரிக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். ஆனால் அது ஒரு தனி ஆளின் உழைப்பை நம்பி நிற்பது, எப்போதும் எதிர்பார்க்க முடியாது என்பதால் மதிப்பெண் தரவில்லை. இரண்டையும் வைத்துப் பராமரிப்பது வீண் என்பதால் பழையதை நிறுத்திவிடலாம் என்று முடித்தேன். தேவசகாயம் படித்துவிட்டு, ஒரு பாடம் நடத்தின மாதிரி இருக்கிறது அண்ணாச்சி என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அடுத்தவர் கட்டுரைகளைத் தன்னுடையவை என்று சொன்னது குறித்து விளக்கம் கேட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பெண்ணின் கல்லூரிக்குக் கடிதம் போகிறது. விதிப்படி போக வேண்டியதுதான். வரைவை என்னிடம் காட்டினார்கள். திருட்டு என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. வயிற்றுப் பிழைப்புக்கு ஓடுகிற பெண்ணுக்கு அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று நான்தான் அடித்துவிட்டு, உரிமையின்றிக் கோரியது என்று மாற்றினேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பழைய பட்டியலை இன்று நிறுத்தினார்கள். தொடக்க விழாவில் எனக்கு ஒரு சால்வை.

செப்டம்பர் 4, புதன்

அந்தக் கல்லூரியில் அவளை இந்த வருஷம் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தனியார் கல்லூரிகள் அப்படித்தான். பெயர் கெடுவதற்கு அவ்வளவு பயப்படுவார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மங்கை அழுதாள். அவள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, உப்பளப் பெண்கள் பற்றிய கருத்தரங்கில் முதன்மை உரை ஆற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே பொருளில் அரசாங்கம் ஒரு பெரிய ஆய்வுத் திட்டமும் தரப்போகிறது. இந்த மாவட்டத்தில் இதை உங்களைவிட்டால் யார் செய்வது என்று துறைத் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

"எனக்குப் பாத்தின்னா என்ன, வரப்புன்னா என்னன்னே தெரியாதுப்பா. மேடையில ஏறி என்னத்தப் பேச?"

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் வராதா, மங்கை படிப்பில் கெட்டிக்காரிதானே என்றேன். படித்துப் பார்த்துவிட்டேன் என்றாள். பதினான்கையும் படித்திருக்கிறாள். நன்றாக எழுதியிருக்கிறார்கள் அப்பா என்று சொன்னபோது அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று துணி மடித்துக்கொண்டிருந்த மங்கை தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "அவங்க இப்ப சும்மாத்தான இருக்காங்க?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! ஆய்வுத் திட்டத்துக்கு ஓர் உதவியாளரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறதாம். ஒரு ஏழைப் பெண்ணுக்குப் பிழைப்பும் ஆயிற்று. லோகநாயகி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். உப்பளத்தைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்முறை. மதிய வெயிலில் கண் திறக்க முடியவில்லை. பூகோளப் பாடத்தில் நீர் ஆவியாதலுக்கு எத்தனை தடவை இதை உதாரணமாகச் சொல்லியிருப்பேன்.

ஒற்றை அறை வீடு. அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து வெடித்த பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றாள், நான் போகும் வரை உட்காரவே இல்லை. மகள் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம்.

விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, வாழ்க்கை நீண்டது என்று சொன்னேன். உனக்குத் தெரிந்த வேலை, உனக்குப் பிடித்த வேலை, மேலே ஒரு நிழல் வேண்டும், அதை மங்கை தருவாள் என்றேன். அவள் குறுக்கே பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எழுதுறதுல யாரு பேரு சார் வரும்?"

"உன் பேருதாம்மா. ச. மங்கையர்க்கரசி."

அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் பெயர் வரும் என்ற மட்டில் காதில் விழுந்திருக்கும்போல. இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாள். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எப்போதிலிருந்து வர வேண்டும் என்று கேட்டாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

வேலைக்கு வந்துவிட்டாள். மங்கை அறையிலேயே ஜன்னல் ஓரம் ஒரு மேசை.

அக்டோபர் 14, திங்கள்

கருத்தரங்க உரை தயாராகிவிட்டது. மங்கை எனக்கு வாசித்துக் காட்டினாள். உப்பு வாரும் பெண்களின் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. ஓர் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கத் துறைக்குப் போயிருந்தேன். இருவரும் அவரவர் மேசையில் இருந்தார்கள். மங்கை கண்ணாடி பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள், மற்றவள் அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்ததில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கருத்தரங்கக்காரர் ஒருவர் அழைப்பிதழ்க் கட்டோடு உள்ளே வந்து, இங்கே மங்கையர்க்கரசி மேடம் யார் என்று கேட்டார்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். பிறகு ஒருத்தி குனிந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.